பதினேழு குண்டுகள்

நிலவறையில் இன்னும் பதினேழு குண்டுகள் இருந்தன. எது வெடிக்கும், எது வெடிக்காது என்பது வைத்த ரெமிக்குக்கே தெரியாது.

ஆளைக் கொல்ல வைத்தவை அல்ல, மாமனாரை அசத்த வைத்தவை. வீட்டிலேயே காய்ச்சி, இருபது பாட்டிலில் அடைத்த பியர். கேஸ் ஏறுவதற்காக ஊற்றிய சர்க்கரைப் பாகை வாளியில் சரியாகக் கலக்கவில்லை என்பது மூன்று வாரம் கழித்துத்தான் அவனுக்கு உறைத்தது. முதலில் நிரப்பிய பாட்டில்களுக்குச் சர்க்கரையே போகவில்லை. அடியில் தங்கியதெல்லாம் கடைசி பாட்டில்களுக்குப் போய்விட்டது. எது முதல், எது கடைசி என்று அவன் குறித்து வைத்திருந்தால்தானே.

வியாழக்கிழமை திறந்த ஒன்று குட்டைத் தண்ணீர் போலச் செத்துக் கிடந்தது. அடுத்தது கூரை வரை நுரை அடித்தது. வெள்ளிக்கிழமை மூன்றாவது, யாரும் தொடாமலே வெடித்தது. ஒரு கண்ணாடிச் சில்லு கதவில் விரலளவு இறங்கி நின்றது.

மாமனார் செவெரினிடம் முதல் பாட்டிலைப் பற்றி மட்டும், "கேஸே ஏறல மாமா" என்று சொல்லி வைத்தான். மற்ற இரண்டையும் சொல்ல வாய் வரவில்லை. முப்பது வருடமாகக் காய்ச்சுகிற மனிதர், தெரு முழுக்கச் சொல்லிச் சிரிப்பார்.

ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் செவெரின் சூப்பை ருசி பார்த்துவிட்டு, "கீழ போய் உருளைக்கிழங்கு எடுத்துட்டு வரேன்" என்றார்.

ரெமிக் சட்டென்று எழுந்தான். "நீங்க உக்காருங்க மாமா. நான் போறேன்."

"ஆறு மாசத்துல இன்னிக்குத்தான் இந்த வீட்டு மருமகன் மாதிரி பேசற."

முற்றத்தில் மனைவி போக்னா வழிமறித்தாள். "உருளைக்கிழங்கு எடுக்க ஹெல்மெட் எதுக்கு?"

"கீழ தலை இடிக்குது."

"இடிக்கட்டும். புத்தியாவது வரும்."

பெட்டி வழக்கமான மூலையில் இருந்தது. பதினேழு இருக்க வேண்டும், இருபது இருந்தன. பயத்தில் எண்ணிக்கைகூடத் தப்புகிறது என்று நொந்துகொண்டு, பழைய மெத்தையைக் கேடயமாகப் பிடித்தபடி, எல்லாவற்றையும் கொட்டிவிடும் முடிவோடு முதல் மூடியை மயிரிழை மயிரிழையாக நெம்பினான்.

புஸ் என்ற சத்தம்கூட இல்லை. இரண்டாவதும் அப்படியே. அது நிம்மதி தரவில்லை. செத்த பாட்டில் ஒவ்வொன்றும், வெடிக்கப்போகும் பாட்டிலின் பக்கம் அவனைத் தள்ளியது.

பத்தாவதில் செபம் சொல்ல ஆரம்பித்தான். பதினைந்தாவதில் தெரிந்த செபமெல்லாம் தீர்ந்துபோய், சாப்பாட்டுக்கு முன் சொல்லும் செபத்தில் இறங்கினான். இருபதாவதும் சத்தமே இல்லாமல் சாக்கடையில் காலியானது.

உயிர் மிஞ்சிய சந்தோஷத்தில் உண்மையைச் சொல்லிவிடும் துணிச்சல் வந்தது. உருளைக்கிழங்குக் கூடையோடு மேலே ஏறினான். செவெரின் அடுப்போரம் உட்கார்ந்து வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"மாமா, என் பியரைப் பூரா கொட்டிட்டேன். வெள்ளிக்கிழமை ஒண்ணு வெடிச்சிடுச்சு. மிச்சமும் வெடிச்சிடுமோன்னு பயந்துட்டேன். உங்ககிட்ட மறைச்சுட்டேன்."

கத்தி பாதி வெங்காயத்தில் நின்றது. "கீழ இருந்தது நேத்து நான் அடைச்சதுடா."

"அப்ப என்னோடது?"

"கேஸ் ஏறலன்னியேன்னு அடுப்புச் சூட்டுக்குத் தூக்கிட்டு வந்துட்டேன். அந்தப் பெட்டி மேலதான் உக்காந்திருக்கேன்."