நடை சாத்தியிருந்த வெள்ளிக்கிழமை

கோயில் கதவில் பூட்டுத் தொங்கியது.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு எந்த ஊரில் கோயிலைச் சாத்துவார்கள்? அவள் அப்பா பூட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

வடக்கு வீதியில் ஒரு கிழவி இறந்துவிட்டாளாம். பிணத்தை எடுக்கும்வரை நடை திறக்க மாட்டார்கள் என்றார் வாசலில் பூ விற்றவர்.

அவளும் அப்பாவும் தேனியிலிருந்து வந்திருந்தார்கள். பையன் வீட்டார் விருதுநகரிலிருந்து. நடுவில் ஓர் ஊர், அதில் ஒரு கோயில். பிராகாரத்தில் தற்செயலாகச் சந்தித்ததுபோல் பெண்ணைப் பார்த்துவிடலாம். பிடிக்காவிட்டால் சாமி கும்பிட வந்ததாகவே திரும்பிவிடலாம். அவரவர் தெருவுக்குத் தெரியாது.

பையனுக்கு முப்பத்தெட்டு வயது. பெண் பார்க்க வந்தால் எந்த வயதிலும் பையன்தான்.

அவளுக்கு இது ஒன்பதாவது தடவை.

பையனின் அம்மா காரை விட்டு இறங்கவில்லை. சகுனம் சரியில்லை, இன்னொரு நாள் பார்க்கலாம் என்றார்.

இன்னொரு நாள் என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியும். இந்தத் தடவை நடந்துவிட வேண்டும் என்று அவள் மனசார விரும்பியிருந்தாள்.

சங்குச் சத்தம் கேட்டது.

வீதி முனைக்கு வந்த பாடை அங்கேயே நின்றுவிட்டது. கூட ஏழெட்டுப் பேர்தான். கிழவிக்குப் பிள்ளைகள் இல்லைபோல. தோள் கொடுத்தவர்களில் ஒருவருக்கு எழுபது வயதிருக்கும். அவரால் முடியவில்லை.

பையன் காரிலிருந்து இறங்கினான். செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டான்.

"தனபாலு, நீ எதுக்கு வந்த, என்ன செய்யிற?" என்றார் அவன் அம்மா.

அவன் போய்ப் பெரியவரின் இடத்தில் தோள் கொடுத்தான்.

ஒரு மணி நேரத்தில் நடை திறந்தது. மணி அடித்தார்கள். இவர்களில் யாரும் உள்ளே போகவில்லை.

வாய்க்காலில் முழுகிவிட்டு ஈர வேட்டியோடு அவன் வந்தான். அவன் அம்மா ஓயவில்லை. பிணம் தூக்கியவன் இன்றைக்குக் கோயிலுக்குள் போகக் கூடாது, பெண்ணையும் பார்க்கக் கூடாது, கிளம்பு என்றார். அவள் அப்பா வழக்கம்போல் கையைக் கட்டிக்கொண்டு, உங்கள் விருப்பப்படியே செய்யலாம் என்றார்.

எட்டுத் தடவையும் அவள் தரையைத்தான் பார்த்திருந்தாள்.

இப்போது நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். முன்வழுக்கை. சற்றுத் தொந்தி. தோளில் மூங்கில் அழுத்திய சிவப்பு. அவசரப்படாமல் எல்லாவற்றையும் பார்த்தாள். அவன்தான் கூச்சப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

"எனக்குப் பிடிச்சிருக்குப்பா" என்றாள்.

அப்பா அவளைத் திரும்பிப் பார்த்தார். இந்த வார்த்தைக்காக அவர் எட்டுத் தடவையும் எதிர்ப்பக்கத்து முகங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

கட்டிய கையைப் பிரித்தார். தன் தோள் துண்டை எடுத்து அவனிடம் நீட்டினார்.

"தலையத் துவட்டுங்க, மாப்ள."

காரிலிருந்து அவன் அம்மா மறுபடி பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

அவன் இரண்டு கையாலும் துண்டை வாங்கிக்கொண்டான்.