பதினான்காம் இருக்கைக்காரர்

டார்வெல் கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து மைதானத்தில், ஒரு பெண் சக்கர நாற்காலியோடு ட்வைட்டின் வரிசைக்கு வந்து நின்றாள்.

"ஆரின் ப்ரூயிட் சார் எங்க? அறுபது வருஷமா ஒரே சீட்! இடைவேளையில மைதானத்துல வெச்சு மரியாதை பண்றோம்."

ஆரின், ட்வைட்டின் அப்பா.

செத்துப் பத்தொன்பது வருடம் ஆகிறது.

இரண்டு இருக்கையும் அப்பா பெயரில் வருடச் சந்தா; உரியவர் இறந்தால் கல்லூரிக்கே திரும்பிவிடும். மகனுக்குக் கிடையாது. அதனால் வருடா வருடம் நடுங்கும் கையால் அப்பாவின் கையெழுத்தைப் போட்டுப் புதுப்பித்துவந்தான். போன மாதம் பாராட்டுக் கடிதம் வந்தபோதும் அப்படித்தான். 'முழங்கால் போய்விட்டது, மைதானத்துக்கு இறங்க முடியாது' என்று அப்பா பெயரில் பதில் எழுதிவிட்டு, தப்பித்தோம் என்று மூச்சு விட்டான்.

அவர்கள் சக்கர நாற்காலியை அனுப்பிவிட்டார்கள்.

கீழே கல்லூரி அணியின் பச்சைச் சட்டைக்காரர்கள் 3-38 என்று உதை வாங்கி, தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு உள்ளே போனார்கள். அவர்கள் உருப்படியாக ஒரு சீசன் ஆடிப் பதினோரு வருடம் ஆயிற்று. ஆகட்டுமே. மனைவி விட்டுப் போனாள். வேலை பார்த்த தொழிற்சாலையை மூடினார்கள். ட்வைட்டுக்கு மிச்சம் இருந்தது சனிக்கிழமை மதியமும் இந்த அலுமினிய பெஞ்சும்தான்.

பதினைந்தாம் இருக்கையில் அவன். பதினான்கில் அப்பாவின் பச்சைத் தொப்பி.

"பாத்ரூம் போயிருக்காரு."

"நடந்தா?"

ட்வைட் படிக்கட்டுப் பக்கம் பார்த்தான். இன்று எல்லாம் வெளியே வந்துவிடும். அடுத்த சனிக்கிழமை இங்கே வேறு யாரோ உட்கார்ந்திருப்பார்கள்.

"ஏம்மா, ஒரு மனுஷன் ஒண்ணுக்குப் போயிட்டு வரக்கூடாதா?"

பின்னால் வந்து நின்றார் பக்கத்துப் பதினாறாம் இருக்கைக் கிழவர் கிளைட். எண்பத்து நாலு வயது. இரண்டு கையிலும் ஹாட் டாக். ஒன்றை ட்வைட்டின் மடியில் வைத்தார். தொப்பியை எடுத்துத் தலையில் மாட்டிக்கொண்டார்.

"நான்தான் ஆரின். எங்க கையெழுத்துப் போடணும்?"

பெண் படிவத்தை நீட்டினாள். 'ஆரின் ப்ரூயிட்' என்று ஒரே இழுப்பில் போட்டார். கை இம்மியும் நடுங்கவில்லை.

பெண் நாற்காலியைத் திருப்பிக்கொண்டிருந்தாள். ட்வைட் அவர் கையைப் பிடித்தான்.

"வேண்டாம் பெரியவரே. பெரிய திரையில முகம் தெரியும். மாட்டினா உங்க சீட்டும் போயிடும்."

கிழவர் குனிந்தார். காதோடு சொன்னார்.

"நான் கிளைட் இல்லடா. கிளைட் எங்க அண்ணன். நீ சின்னப் பையனா இங்க வர ஆரம்பிச்சதுக்கு முந்தின வருஷமே செத்துட்டான். உங்கப்பாவுக்கு மட்டும்தான் தெரியும்."

அவரை ஏற்றிக்கொண்டு நாற்காலி நகர்ந்தது.

ஒலிபெருக்கி ஆரின் ப்ரூயிட்டின் பெயரை முழங்கியது. திரையில் பச்சைத் தொப்பி, பல்லில்லாச் சிரிப்பு. அந்தப் பகுதிக் கிழவர்கள் அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள். அப்பாவின் சவப்பெட்டியைத் தோளில் சுமந்த நான்கு பேர்தான் எல்லாரையும்விட உரக்கக் கத்தினார்கள்.

ட்வைட் வரிசையை ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை பார்த்தான்.

இதில் எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள் என்று முதல்முறையாக யோசித்தான்.