களத்தில் விழாத விமானம்

"அந்த பைலட் உனக்கு என்னம்மா, உறவா? இப்படிப் பரிஞ்சு பேசறே?" என்றார் மேனேஜர்.

"உறவெல்லாம் இல்லீங்க. அன்னிக்குத்தான் அவரு மூஞ்சியையே பார்த்தேன்" என்றாள் ரத்தினம்மாள். கை நிறையக் கண்ணாடி வளையல்களோடு வாசலில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

அறுபத்தைந்தாம் வருஷத்துப் பாகிஸ்தான் சண்டைக்கு முன்பே பட்டாளம் ஓட்டித் தேய்த்துக் கழித்துவிட்ட விமானம் அது. ஆலங்காயம் பக்கத்து வயல்களுக்கு மருந்தடிக்க ஒரு கம்பெனி அதை வாங்கி ஓட்டியது. முந்தாநாள் ஜவ்வாது மலையில் விழுந்து நொறுங்கியதில் பைலட் செத்துப்போனார்.

நாளை விசாரணை. அதற்குள் நேரில் பார்த்த சாட்சியைச் சரிக்கட்டத்தான் மேனேஜர் மூச்சு வாங்க மலையேறி வந்திருந்தார். வெட்கம் கெட்ட வேலைதான். அவருக்கு அதெல்லாம் பழகிப்போயிருந்தது.

"எஞ்சின் நல்லாத்தான் இருந்துச்சு. அவன்தான் வேடிக்கை காட்டத் தாழப் பறந்தான். இதை மட்டும் சொல்லு, போதும்."

"இன்னா நல்லா இருந்துச்சு? பொகை கக்கிக்கினு வந்துச்சு, அப்புறம் சத்தமே அடங்கிப் போச்சு. களத்துல பொம்பளைங்க, புள்ளைங்கன்னு எல்லாரும் சாமை அடிச்சிக்கினு இருந்தோம். நேரா எங்க மேலதான் வந்துச்சு. எங்களைப் பார்த்ததும் ஒடிச்சு, பயிர்க் கொல்லைப் பக்கம் திருப்பினாரு. அங்க யாரும் இல்லன்னு நெனச்சிருப்பாரு, பாவம்."

பக்கத்து வீட்டு மாணிக்கம்மாள் களியும் குழம்பும் கொண்டுவந்து வைத்து, "ரெண்டு வாய் சாப்புடுடி" என்று கெஞ்சிவிட்டுப் போனாள். ரத்தினம்மாள் தொடவில்லை. ஊரே தாங்கும் பெரிய மனுஷி போலிருக்கிறது என்று எண்ணிய மேனேஜர் குரலைக் குழைத்தார்.

"ஊருக்கு ஒரு கிணறு வெட்டித் தர்றோம். செத்தவன் மேல பழி போட்டா அவனுக்கு வலிக்கவா போகுது?"

"அவருக்கும் பொண்டாட்டி புள்ளைங்க இருப்பாங்க இல்ல? கெணறும் வாணாம், ஒண்ணும் வாணாம். எந்த அதிகாரி வந்து கேட்டாலும் பார்த்ததைத்தான் சொல்வேன். உங்களால ஆனதைப் பார்த்துக்குங்க."

மேனேஜருக்குப் பொறுமை போய்விட்டது. அக்கம்பக்கத்தில் ஆட்கள் நிற்பதையும் மறந்து கத்தினார்.

"பெரிய நியாயஸ்தியா நீ? ராத்திரி பூரா காட்டுப்பன்னிக்குக் காவல் காத்துட்டு கொல்லைப் பரண்ல தூங்கிக்கிட்டிருந்தானே ஒருத்தன், அவனும்தான் அந்த பிளேனுக்கு அடியில நசுங்கிச் செத்தான். தாலி அறுத்தவளுக்குத்தான் தெரியும் அந்த வலி! அவ வந்து பைலட்டை நாலு வார்த்தை திட்டினா உன் சாட்சி எங்கேயும் எடுபடாது. எங்கே அவ? கூப்பிடு அவளை!"

ரத்தினம்மாள் எழுந்து நின்றாள். கண்ணில் நீர் நிரம்பியிருந்தது. குரல் மட்டும் கொஞ்சமும் நடுங்கவில்லை.

"அவதாங்க இம்மா நேரமா பேசிக்கினு இருக்கா."