மூன்றாவது கம்ப்யூட்டர்

கார் எஞ்சினை இயக்க மாற்றிப் போட்ட கம்ப்யூட்டரும் நான்கே நாளில் எரிந்துபோயிற்று.

இழுவை வண்டி காரைப் பட்டறை வாசலில் இறக்கிவிட்டுப் போனது. பின்னாலேயே மகளைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார் வயர்மேன். ஓய்வு பெற்று ஏழு வருடமாகிறது. தெருவில் இன்னும் அதுதான் பெயர்.

"யோவ் மெக்கானிக்! முதல் பெட்டி எரிஞ்சப்போ வண்டி பழசுன்னே. இப்ப நீ போட்ட பெட்டியும் எரிஞ்சிருக்கே, அதுக்கு என்ன சொல்லப்போறே? கண்ணு பட்டுடுச்சா?"

"பார்த்துடலாம் ஐயா."

"பார்த்து என்ன கிழிக்கப்போறே? முப்பத்திரண்டு வருஷம் வயரிங் பண்ணினவன்யா நான். நான் போட்ட லைன்ல ஒரு பல்பு போச்சுன்னு எவனும் என்னைத் தேடி வந்ததில்லை."

"அப்பா, போதும்ப்பா" என்றாள் மகள்.

போதுமென்றால் நிறுத்துகிற ஆளா அவர்?

அவர் கோபத்திலும் நியாயம் இருந்தது. விபத்தில் மகளுக்குக் கால்கள் செயலற்றுப் போயின. பிரேக், ஆக்சிலரேட்டர் இரண்டையும் கைப்பிடியாலேயே இயக்கும்படி இந்தப் பழைய காரை மாற்றிக் கட்டியிருந்தார்கள். வேறு கார் அவளுக்கு உதவாது. திங்கட்கிழமை புது வேலையில் சேர வேண்டும். யாராவது கொண்டுபோய் விடலாம்தான். ஆனால் இரண்டு வருடம் அப்படியே போய் வந்தவள், இந்தக் கார் வந்த பிறகுதான் தலை நிமிர்ந்து சிரிக்கவே ஆரம்பித்திருந்தாள்.

மெக்கானிக் உள்ளே போய் ஒரு தகரப் பெட்டியை எடுத்து வந்து காட்டினார்.

"இந்த மாடலுக்குக் கம்ப்யூட்டர் இப்ப வர்றதே இல்லைங்க ஐயா. ஊரெல்லாம் சல்லடை போட்டு இது ஒண்ணைப் பிடிச்சு வெச்சிருக்கேன். இதுவும் போச்சுன்னா வண்டியை எடைக்குத்தான் போடணும். அதனால எதனால எரியுதுன்னு தெரியாம இதை மாட்ட மாட்டேன்."

"மாட்டத் தெரியலைன்னு சொல்லு!"

மெக்கானிக் மகளின் நாற்காலி அருகே குந்தினார்.

"வண்டி நிக்கிறதுக்கு முன்னால என்னம்மா பண்ணீங்க?"

"முன்னால நின்ன லாரி சட்டுன்னு பின்னுக்கு வந்துச்சு. பயந்துபோய் ஹாரனை அழுத்திப் பிடிச்சேன். அப்படியே செத்துடுச்சு."

அவள் மேற்கொண்டு சொன்னது வயர்மேன் காதில் விழவில்லை. பக்கத்து டயர் கடைக்காரரிடம் போய்விட்டிருந்தார்.

"ரெண்டு கம்ப்யூட்டரை எரிச்சிருக்கான்யா இவன். அரைகுறை! நம்பி ஒரு சைக்கிள்கூட விட்டுடாதீங்க."

ஞாயிற்றுக்கிழமை காலை போன் வந்தது. அப்பாவும் மகளும் வந்தபோது எஞ்சின் சீராக ஓடிக்கொண்டிருந்தது.

"என்னய்யா கோளாறு?"

மெக்கானிக் கையைத் துணியில் துடைத்தார். "என் தப்புதாங்க. ஒரு எர்த் வயரைச் சரியா முறுக்காம விட்டுட்டேன்."

"எர்த்து! கேட்டியாம்மா? எர்த்து வயரை முறுக்கத் தெரியாதவன் கம்ப்யூட்டர் மாத்த வந்துட்டான். என்கிட்ட வேலை பார்த்திருந்தா அன்னிக்கே சீட்டைக் கிழிச்சிருப்பேன்."

மெக்கானிக் தலை குனிந்துகொண்டார். மகள் சீட்டுக்கு மாறி உட்கார்ந்து ஹாரனை அழுத்தினாள். அலறியது. எஞ்சின் நிற்கவில்லை. இன்னொரு தடவை அழுத்திவிட்டுச் சின்னப்பிள்ளை மாதிரி சிரித்தாள்.

"திற பானெட்டை. இந்தத் தடவையாவது ஒழுங்கா முறுக்கியிருக்கானான்னு பார்க்கறேன்."

"வேண்டாங்க ஐயா, சூடா இருக்கும்."

"திறய்யா!"

டார்ச்சை அடித்துக் குனிந்தார். கம்ப்யூட்டருக்குப் போகும் வயர்க் கட்டில் ஓரிடத்தில் வேறொரு வயரை முறுக்கிச் சேர்த்திருந்த ஒட்டு வெட்டப்பட்டிருந்தது. வெட்டிய துண்டு கீழே கிடந்தது. எடுத்துப் பார்த்தார். இறுக்கமான முறுக்கு, டேப்பின் நுனியில் ஒரு மடிப்பு. ஒரு வயர்மேனுக்குத் தன் கைவேலை தெரியாதா?

மகள் கைப்பிடியிலிருந்து கையை எடுக்காமலே ஹாரன் அடிக்கட்டும் என்று, ஆறு மாதம் முன்பு அவரே ஒரு பட்டன் வைத்திருந்தார். கரண்டு வேண்டுமே! வீடுகளில் செய்கிற மாதிரி பக்கத்தில் கரண்டு ஓடிய ஒரு வயரிலிருந்து இழுத்துக்கொண்டார். அது கம்ப்யூட்டரின் வயர். அவள் ஹாரன் அடித்தபோதெல்லாம் அடி வாங்கியது அந்தப் பெட்டி.

இப்போது அதே பட்டனுக்கு பேட்டரியிலிருந்து தனி வயர், தனி ஃபியூஸ்.

மூடியை இறக்குகிற சாக்கில் மெக்கானிக் பக்கத்தில் வந்தார். குரலைத் தாழ்த்தினார்.

"விடுங்க ஐயா. இது எங்கப்பா எனக்காக வெச்சதுன்னு உங்க பொண்ணு அந்தப் பட்டனை அப்படித் தடவிக் காட்டுச்சு. எனக்குச் சொல்ல மனசு வரலை. அதுக்குத் தெரிய வேண்டாம்."

வயர்மேன் கையிலிருந்த வயர்த் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

அந்த நேரம் பார்த்து டயர் கடைக்காரர் யாரோ ஒருவரை அழைத்துக்கொண்டு வந்தார். "இதோ, இவரையே கேளுங்க."

"பெரியவரே, இங்க ரெண்டு கம்ப்யூட்டரை எரிச்சுட்டாங்களாமே? என் வண்டியை நம்பி விடலாமா?"

மகள் கண்ணாடியை இறக்கிவிட்டு அப்பாவுக்காகக் காத்திருந்தாள். மெக்கானிக் வேண்டாம் என்று தலையாட்டினார்.

வயர்மேன் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். கார் வரைக்கும் கேட்கிற மாதிரியே சொன்னார்.

"ரெண்டையும் எரிச்சது நான்யா. சரி பண்ணினது இந்த மெக்கானிக்."