ஸ்கூட்டர் நின்ற பக்கம்

குவார்ட்டர்ஸைக் காலி செய்தபோது ரோஸ்லின் டீச்சர் கட்டிலையும் பீரோவையும் விட்டுவிட்டு, வாசலில் நின்ற இட்லிப்பூச் செடியை வேர்மண்ணோடு பெயர்த்துக் கொண்டுவந்தார். ஆள் உயரச் செடி. அதன் ஒரு பக்கத்தில் கிளையே வளராமல் ஸ்கூட்டர் அளவுக்கு ஒரு பள்ளம். போன மாதம் இறந்துபோன கணவர் செல்வின், அங்கே குடியிருந்த இருபத்திரண்டு வருடமும் அதன்மேல் இடித்துத்தான் வண்டியை நிறுத்துவார்.

புது வீட்டில் நட்டதும் செடி இலையெல்லாம் கொட்டியது. தோட்டக்காரர் தவசி கத்தரியோடு வந்தார்.

“கெளைய பாதியா கொறச்சாத்தான் வேரு தாங்கும், டீச்சர்.”

“வெட்டுங்க. அந்தப் பள்ளத்துல மட்டும் கை வச்சிராதீங்க.”

“பள்ளத்துல வெட்டுறதுக்கு என்ன இருக்கு?”

டீச்சர் சாக்கு கட்டி நிழல் கொடுத்தார். மண் காயவிடாமல் தண்ணீர் ஊற்றினார். நாற்பதாம் நாள் தவசி வாசலிலிருந்து கூப்பிட்டார். “வேரு புடிச்சிருச்சு, டீச்சர்! துளிரு எங்க வந்திருக்குன்னு பாருங்க.”

பள்ளத்துக்குள் செம்பு நிறத்தில் ஐந்து துளிர்கள். வளர்ந்தால் பள்ளம் மூடிவிடும்.

தவசி போனதும் டீச்சர் ஒரு துளிரை இரண்டு விரல்களுக்கு நடுவே பிடித்தார். நகம் பட்டாலே ஒடிந்துவிடும். எவ்வளவு நேரம் அப்படியே நின்றாரோ. தெருமுனையில் ஏதோ ஒரு ஸ்கூட்டர் வேகம் குறைத்துத் திரும்பியது. டீச்சர் துளிரை விட்டுவிட்டு, எப்போதும்போல ஓரமாக நகர்ந்து வழிவிட்டார்.