திருத்தித் தந்தால் போதும்

"போனைத் தயாரித்த கம்பெனிக்கு அனுப்பிக் கேளுங்கள். நாங்கள் வெறுமனே விற்கிறவர்கள்" என்றார் கடை மனேஜர்.

"விற்றது நீங்கள்தானே? அப்படியென்றால் பொறுப்பும் உங்களுடையதுதான்."

யதுசா டொச் மொழியில் பட்டென்று சொன்ன வேகத்தில் பக்கத்தில் நின்ற இருவர் திரும்பிப் பார்த்தார்கள்.

ஜெர்மனியின் ஹம்பேர்க் ரயில் நிலையத்துக்கு அருகில் இருக்கிறது அந்த போன் கடை. யதுசாவுக்கு நுகர்வோர் ஆலோசனை நிலையம் ஒன்றில் வேலை. இன்று லீவு போட்டு வந்திருந்தாள், கீழ்வீட்டு ரஞ்சினி அன்ரிக்காக.

ரஞ்சினி தனியாக இருப்பவள். கணவர் இறந்த பிறகு ஒப்பந்தத்தோடு எடுத்த போன் அது. ஒரு வருஷம்கூட ஆகவில்லை, போன வாரம் மைக் செத்துவிட்டது. மற்றவர்கள் பேசுவது அவளுக்குக் கேட்கும். அவள் பேசுவது யாருக்கும் கேட்காது.

"வேண்டாம் பிள்ளை, இருக்கட்டும்" என்று மறுத்தவளை யதுசாதான் கையோடு இழுத்து வந்திருந்தாள்.

"தண்ணீருக்குள் போட்டிருப்பார்" என்றார் மனேஜர்.

"போட்டார் என்று நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். முதல் வருஷத்தில் பழுது வந்தால் சட்டம் அதுதான். திருத்தித் தருவதா, புதிது தருவதா என்று தெரிவு செய்யும் உரிமையும் இவருக்குத்தான். உங்களுக்கு இல்லை."

மனேஜர் கொம்பியூட்டரில் வாங்கிய திகதியைப் பார்த்தார். பிறகு எழுந்து உள்ளே போனார். வரும்போது கையில் பிரிக்காத புதுப் பெட்டி.

"பாத்தியளே அன்ரி! இண்டைக்கே புதுப் போன். கையெழுத்துப் போடுங்கோ."

ரஞ்சினி பெட்டியைத் தொடவில்லை.

"பிள்ளை, பழசைத் திருத்திறதெண்டா எவ்வளவு நாள் செல்லுமெண்டு கேள்."

"அதேன்? புதுசுதான் தாறாங்களே."

"ஒருக்காக் கேளன்."

யதுசா கேட்டாள். மனேஜர் ஆறு வாரம் என்றார். "ஆறு கிழமை செல்லுமாம்."

"அப்ப திருத்தியே தரட்டும். எனக்கு அது போதும்."

 மனேஜருக்கு முகமெல்லாம் மலர்ச்சி. பெட்டியை மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டே, "அதுவரைக்கும் பாவிக்க இரவலாக ஒரு போன் தரலாம்" என்றார்.

யதுசா மொழிபெயர்க்க முதலே ரஞ்சினி வேண்டாமென்று தலையை ஆட்டினாள். "நைன், டாங்க."

திரும்பி வரும்போது ரயிலில் யதுசாவுக்குப் பொறுக்க முடியவில்லை.

"உங்களுக்காகத்தானே அன்ரி லீவு போட்டிட்டு வந்து சண்டை பிடிச்சனான்? கையில வந்த உரிமையை நீங்களே விட்டுக்குடுத்திட்டியள். இப்பிடி ஆக்கள் இருக்கிறதாலதான் அவங்கள் எல்லாரையும் ஏமாத்திறாங்கள்."

"விட்டுக்குடுக்கேல்லையே பிள்ளை. ரெண்டில எது வேணுமெண்டாலும் நான் கேக்கலாமெண்டு நீதானே சொன்னனீ?"

"இப்ப கையில ஒரு போனும் இல்லை. வீட்டில விழுந்து கிடந்தா ஆரைக் கூப்பிடுவியள்?"

ரஞ்சினி யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டு வாசலில், "கோவத்தோட போகாத. ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ" என்று யதுசாவின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள்.

குசினியில் நாலைந்து பேர் சாப்பிடுமளவுக்கு இடியப்பம் அவித்து மூடியிருந்தது.

"ஒராளுக்கு இவ்வளவோ அன்ரி?"

அந்த நேரம் மணி அடித்தது. ரஞ்சினி கிட்டத்தட்ட ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள்.

வாசலில் துவாரகன். ஹார்பூர்க்கில் இருக்கும் அவளுடைய ஒரே மகன். ஜாக்கெட்டில் மழைத்தண்ணீர், தோளில் வேலைப் பை. தகப்பனின் செத்தவீட்டுக்குப் பிறகு யதுசா அவனை இந்தக் கட்டடத்தில் கண்டதேயில்லை.

"அட, யதுசா! நீரும் இருக்கிறீரோ?" என்று சப்பாத்தைக் கழற்றினான். "என்ன செய்யிறது சொல்லும். முந்தி நான் போன் எடுத்து, சாப்பிட்டியளோ, மருந்து போட்டியளோ எண்டு கேட்டா விசயம் முடிஞ்சிடும். இப்ப அம்மா சொல்லுறது ஒண்டும் கேக்குதில்லை. வேலை முடிய ஒவ்வொரு நாளும் நேரில வந்து பாக்கவேண்டிக் கிடக்கு."

சலித்துக்கொண்டுதான் உட்கார்ந்தான். ஆனால் இரண்டாம் தரம் இடியப்பம் கேட்டு வாங்கினான். வேலையிடத்தில் நடந்த ஏதோ ஒரு கூத்தைச் சொல்லி அவனே சிரித்தான். ரஞ்சினி நின்றபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் வாய்விட்டுச் சிரித்து யதுசா கண்டது அன்றைக்குத்தான்.

"அதுசரி, போன் என்ன மாதிரி?" திடீரென்று துவாரகன் கேட்டான். "யதுசா, நீர் உந்த வேலைதானே செய்யிறனீர்? உடன புதுசு மாத்திக் குடுக்கவேணுமெண்டு சட்டம் ஒண்டும் இல்லையோ?"

இடியப்பத்துக்குச் சொதியை அள்ளிய ரஞ்சினியின் கை அப்படியே நின்றது. அவள் யதுசாவை நிமிர்ந்து பார்க்கவில்லை.

யதுசா தேநீர்க் கோப்பையை மேசையில் வைத்தாள்.

"அப்பிடி ஒரு சட்டமும் இல்லை அண்ணா" என்றாள். "ஆறு கிழமை பொறுக்கத்தான் வேணும். சிலவேளை கூடவும் செல்லும்."