உள்பக்கம் திருப்பிய டி-ஷர்ட்டுகள்

தினமும் கடைக்கு வந்துபோகும் அந்த அம்மாவைத் துணிக்கடை மேலாளர் இன்று கையும் களவுமாகப் பிடித்துவிட்டார். மண்டை ஓடு போட்ட டி-ஷர்ட்டுகளை எல்லாம் அந்த அம்மா உள்பக்கம் வெளியே தெரியும்படி திருப்பி மாட்டிக்கொண்டிருந்தார்.

“தினமும் இதே வேலையா போச்சும்மா உங்களுக்கு. இது பங்க் ராக் வாசிக்கற ஒரு மியூசிக் குரூப்போட லோகோ. முப்பது வருஷமா ஊரே போட்டுக்குது. இதுக்குப் போய் பயப்படலாமா?”

“பயமில்லப்பா. காலைப் பிடிச்சுக் கேக்கறேன், இன்னிக்கு ஒரு நாளாவது இதை உள்ள எடுத்து வச்சிடுங்க.”

“அதிகமா விக்கறதே இதுதாம்மா. மண்டை ஓட்டுல இருக்கற அந்த விரிசலுக்காகவே வாங்கறாங்க. என்னமா வரைஞ்சிருக்கான் பாருங்க.” மேலாளர் தானும் போட்டிருந்த அதே டி-ஷர்ட்டின் படத்தை மார்பில் தட்டிக் காட்டினார்.

“யாரும் வரையலப்பா. அது எக்ஸ்ரே. அந்த குரூப்புல டிரம் வாசிச்ச என் பையன், இதே தேதியில மேடையிலேர்ந்து விழுந்த அன்னிக்கு எடுத்தது. நினைவா வச்சுக்கறோம்னு கூட வாசிச்ச பசங்க கேட்டாங்க. நான்தான் எடுத்துக் குடுத்தேன்.”